இடுப்புக்கு மேலே பொன்

ஜூன் 5, திங்கள்

விடியவே மழை. கொட்டாஞ்சேனை முழுக்கச் சேறு. குஞ்சுவின் சட்டை ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டதில் எல்லாம் புகை மணம். பிள்ளைக்கு நாலு வயது, மணம் தெரிகிறது. "அம்மா, நான் கருவாடோ?" என்கிறாள்.

குளிக்கப் போனால் பைப்படியில் வழக்கமான வரிசை. இந்த வளவுக்குள் ஐந்து குடித்தனம், ஒரு பைப். மூன்று பக்கம் தகரம், நாலாம் பக்கம் சாக்கு. மேல் வீட்டு யன்னலில் நின்றால் எல்லாம் தெரியும். நெஞ்சுக்கு மேலே சீலையைச் சுற்றின குறுக்குக்கட்டோடு அவசரமாக நாலு வாளி, அவ்வளவுதான். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த நாள் முதல் இப்படி. ஆறுதலாக ஒருநாள் முதுகு தேய்த்ததில்லை.

பின்னேரம் இவர் ஒபிஸால் வந்து சொன்னார், வெள்ளவத்தை வீட்டுக்குக் கூரை போட்டாயிற்றாம். இவருடைய தமையன் ஓவர்சியர் என்றபடியால் கட்டுகிற வேலை முழுக்கப் பெரியத்தான் கையில். காணி என் சீதனம். ஆனால் வாசல் எந்தப் பக்கம், கதவு என்ன மரம், தூண் உருண்டையா சதுரமா, எல்லாம் அண்ணனும் தம்பியும் விறாந்தையில் இருந்தே முடித்துவிட்டார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.

இன்றைக்குக் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, எனக்கு ஒரு அறை வேணும்."

"என்ன அறை?"

"குளிக்கிற அறை. அதை மட்டும் நான் சொல்லுறபடி செய்யட்டும்."

பேப்பரை மடித்தார். "அதுக்குச் சீமெந்து பூசப்போகினம்."

"சீமெந்து வேண்டாம். டைல்."

சிரிக்கவில்லை. அதுவே பெரிய காரியம். "சரி, அண்ணையிட்டைச் சொல்லுறன்" என்றார்.

எழுதி வைக்கிறேன், பிறகு நான் எங்கே சொன்னேன் என்று கேட்கக்கூடாது. ஜூன் ஐந்து. சரி என்றவர்.

ஜூன் 10, சனி

கொள்ளுப்பிட்டிக்குப் போனோம். டைல் விற்கிற பெரிய கடை, மேலே சுழல்கிற காற்றாடி, கழுத்துப்பட்டி கட்டின விற்பனைக்காரர். இங்கிலீஷில் இவரோடு மட்டும் கதைத்தார். வெள்ளை டைல், இன்னும் வெள்ளை, நீலக் கரை போட்ட வெள்ளை. நான் குளிக்கவா போகிறேன், ஒப்பரேஷனுக்கா?

"வேறை நிறம்?" என்று நான் தமிழில் கேட்டேன்.

அவர் இவரைப் பார்த்து, "லேடீஸுக்கு வெள்ளைதான் விருப்பம் சேர்" என்றார். கேட்ட லேடி பக்கத்தில் நிற்கிறாள்!

இளம்பச்சை ஒன்றும் காட்டினார். கசாயம் குடித்த முகம் போல ஒரு பச்சை.

திரும்பி வரும்போது கடலைக்காரனிடம் ஒரு சுருள். குஞ்சு முழுவதையும் முடித்தாள். இவருக்குத் தலையிடி.

ஜூன் 14, புதன்

மழை விட்டிருக்கிறது. யன்னல் சீலை எடுக்கப் புறக்கோட்டை போனேன், குஞ்சுவோடு. சீலை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய வேறொன்றைக் கண்டுவிட்டேன்!

பைப், பூட்டு, கதவுப்பிணைச்சல் விற்கிற ஒடுங்கிய கடை. மொஹிதீன் நானாவின் கடை என்றார்கள். கொக்கி வாங்க ஏறினேன். அவருடைய மேசையில் பறக்கிற கடதாசித் துண்டுகளுக்கு மேலே பாரமாக ஒரு டைல். பொன் நிறம்.

மஞ்சள் அல்ல. மஞ்சளை எல்லாரும் கண்டிருக்கிறோம். இது உள்ளே ஏதோ உருகி நிற்கிற மாதிரி. பழுத்த பலாச்சுளையை வெயிலுக்குப் பிடித்தால் வருமே, அந்த ஆழம்.

"நானா, இது விக்கிறதோ?"

"அதுவா தங்கச்சி? ஒரு பெரிய மனுசர் பங்களாவுக்கு எடுப்பிச்சார். சாமான் வந்த பொறகு வாணாம் எண்டுட்டார். பெட்டியோட பின்னுக்கு ஈக்கிது."

"எவ்வளவு இருக்கு?"

"ஒரு பாத்ரூம் சுவருக்குக் காணும். நெலத்துக்கும் சேத்து எண்டா காணாது. இனி வாறதும் சந்தேகம்தான். கப்பல்ல வாறவனெல்லாம் யுத்தக் கதைதான் கதைக்கிறான்."

கையில் வைத்துக்கொண்டு நின்றேன், வைக்க மனமில்லை. அவர் கண்டுகொண்டார். பேப்பரில் சுற்றித் தந்தார்.

"கொண்டு பெய்த்து வெயில்ல வெச்சிப் பாருங்க. பிரியம் எண்டா வாங்க. இல்லாட்டி இதக் கொண்டு வந்து தந்துடுங்க."

டிராமில் வரும்போது மடியில் பிள்ளை ஒரு பக்கம், டைல் ஒரு பக்கம். எதை இறுக்கிப் பிடித்தேன் என்று எழுதமாட்டேன்.

கொக்கி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 15, வியாழன்

காலை வெயிலில்: தேன். மத்தியானம்: சற்றுச் செம்பு. விளக்கில்: நெய்.

இவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கூடிப்போகாதோ?"

"கூடட்டும்."

அரிசிப் பெட்டிக்கு மேலே சாத்தி வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, ஞாயிறு

பெரியத்தான் மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமி ஊரிலிருந்து வந்தபின் தெமட்டகொடையில் மூத்த மகனோடுதான் இருக்கிறா. ஆட்டுக்கறி சமைத்தேன் — பெரியத்தானுக்கு. மாமிக்கு மரக்கறி.

சாப்பிட்டு எழும்பும்போது பெரியத்தானின் கண் அரிசிப் பெட்டியில்.

"இது என்னடா தம்பி?"

இவர் சொன்னார். பெரியத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார். "தங்கக் கக்கூஸ்! தம்பி தங்கக் கக்கூஸ் கட்டப்போறான்!"

நான் கதவுக்குப் பின்னால். இவருடைய தமையனுக்கு முன்னால் வந்து நின்று கதைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

மாமி சிரிக்கவில்லை. அதுதான் மோசம். "பொன் நிறத்தைக் காலால மிதிக்கிறதோ? ஊத்தைத் தண்ணி ஓடுற இடத்திலயோ? லட்சுமியை மிதிச்ச வீடு விளங்குமோ? அப்பிடி வைச்சா நான் அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்."

இவர் முகட்டைப் பார்த்தார். முகட்டில் பல்லி ஒன்றும் இல்லை.

அவர்கள் போன பிறகு: "அம்மா அப்பிடிச் சொல்லிப்போட்டா, என்ன செய்யிறது." நான் கறிச்சட்டியைத் தேய்த்தேன். அடி தேயும் மட்டும் தேய்த்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

கதை இவருடைய ஒபிஸுக்குப் போய்விட்டது. பெரியத்தான் யாருக்கோ சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, பெரிய கிளாக்கர் எல்லாருக்கும் கேட்க, "தங்கக் கக்கூஸ் எப்ப திறப்பு விழா?" என்றாராம்.

இவர் காது சிவக்க வந்தார். எனக்குத்தான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"நான் சொல்லிப்போட்டன்" என்றார்.

"என்னெண்டு?"

"கக்கூஸ் இல்லை, பாத்ரூம் எண்டு."

பாவம். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரவில்லை. மாமியின் சொல் மட்டும் இடையில் கிடக்கிறது. டைலை நானாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாளைக்கு. நாளையின்றைக்கு.

ஜூன் 22, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! எழுத்து கோணலாக ஓடுகிறது.

இரண்டு வீடு தள்ளி ஒரு கலியாணம். குஞ்சுவை வெளிக்கிடுத்தினேன். கழுத்துக்குச் சங்கிலி, கைக்குக் காப்பு, காலுக்கு வெள்ளிச் சலங்கை. பிள்ளைக்குக் காலுக்கும் சங்கிலி மாதிரியே பொன் வேண்டுமாம்.

"ஏனம்மா காலுக்கு வெள்ளி?"

"பொன் காலில போடக்கூடாது குஞ்சு. இடுப்புக்கு மேலதான் போடுறது."

சொன்ன வாய் மூடவில்லை. சீப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். இடுப்புக்கு மேலே!

நிலத்துக்கு யார் பொன் கேட்டது? நானா தானே சொன்னார், நிலத்துக்குக் காணாது என்று.

கலியாண வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. பொம்பிளைக்கு நல்ல கூறைச் சீலைதான்.

ஜூன் 25, ஞாயிறு

இவரை விட்டுவிட்டுத் தனியே தெமட்டகொடை. பெரியத்தான் வேலைத்தலத்தில் என்று கேட்டு அறிந்துகொண்டுதான் போனேன். மாமி பின் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு. றெயில் எஞ்சின் ஒன்று பின்னுக்கும் முன்னுக்கும் போய்க்கொண்டே இருந்தது. அது ஊதும் போதெல்லாம் கதை நின்றது.

நானும் இருந்து கீரை உருவினேன். பிறகு:

"மாமி, நாங்கள் பொன் எங்க போடுறனாங்கள்?"

"என்ன கேள்வி இது? கழுத்தில, காதில, கையில."

"காலில?"

"சீ."

"ஒட்டியாணம்?"

"இடுப்பில. அதோட சரி."

"அப்ப சுவருக்கும் இடுப்புக்கு மேல போட்டால்? நிலம் கடும்பச்சை. சுவரும் இடுப்பளவு வரைக்கும் கடும்பச்சை. அதுக்கு மேலதான் பொன். ஒரு கால் அதில படாது மாமி. தண்ணி ஓடுறதும் பச்சையில."

எஞ்சின் ஊதியது. மாமி ஒரு காம்பு முழுதும் உருவி முடித்தா.

"ஆரின்ர இடுப்பு?"

"என்ன மாமி?"

"ஆரின்ர இடுப்பெண்டு கேக்கிறன். உன்ர இடுப்பும் என்ர மோன்ர இடுப்பும் ஒண்டோ? நீ உன்ர அளவுக்கு வைச்சா அவன்ர தொடையில வந்து நிக்கும் பொன்."

சிரிப்பை அடக்கினேன். மாமி சிரிக்காத இடத்தில் நான் சிரிக்கக்கூடாது. "அப்ப அவரின்ர அளவு வைப்பம்."

"ம்." இன்னொரு காம்பு. "வெறும் பொன்னா விட்டால் எடுபடாது. அட்டியலுக்குக் கீழ சிவப்புக்கல் வைக்கிற மாதிரி, பொன் துவங்கிற இடத்தில ஒரு கரை ஓடவேணும். கறுப்பு நல்லது. கண்ணூறும் படாது."

வரும்போது கீரை தந்து விட்டா. இவ்வளவு ருசியான முருங்கைக்கீரை இதுவரை சாப்பிட்டதில்லை.

ஜூன் 26, திங்கள்

இவரை நிறுத்தி, நிலத்திலிருந்து இடுப்பு மட்டும் நாடாவால் அளந்தேன். "சட்டை தைக்கவோ?" "இல்லை, சுவர் தைக்க." மாமி சொன்னதைச் சொன்னேன். "அம்மாவோ? எங்கட அம்மாவோ?" என்று மூன்று தரம் கேட்டார்.

ஜூலை 2, ஞாயிறு

நானாவிடம் போய் எடுத்து வைக்கச் சொல்லியாயிற்று. இன்றைக்குப் பரீட்சை.

பழைய பேப்பரை டைல் அளவுக்கு வெட்டி, மஞ்சள் தண்ணியில் தோய்த்து, விறாந்தையில் காயப்போட்டேன். குஞ்சு உதவி. குஞ்சு முழுக்க மஞ்சள். மேல் வீட்டு மனுசி எட்டிப் பார்த்து, "ஆருக்கு அம்மாள் வருத்தம்? வேப்பிலை காணேல்லை?" என்றா. ஒருவருக்கும் அம்மை இல்லை என்றால் நம்பவில்லை. பைப்படியில் எனக்கு இன்று வரிசை இல்லை, எல்லாரும் விலகி வழி விட்டார்கள்!

கோதுமைப் பசை கிண்டி விறாந்தைச் சுவரில் ஒட்டினோம்.

முதலில் உச்சி வரைக்கும் பொன். மஸ்கட் இனிப்பு விற்கிற கடை மாதிரி இருந்தது. கழற்றினேன். மூலைக்கு மூலை சரித்து ஒட்டினால் தலை சுற்றியது. இவர் நின்று பார்த்துவிட்டு, "சும்மா நேரா வைச்சால் என்ன?" என்றார். நேராக, செங்கல் அடுக்குவது போல ஒரு வரி விட்டு ஒரு வரி பாதி தள்ளி. தலைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, அதற்கு மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளை. அப்போதுதான் பொன் மூச்சு விட்டது.

தீர்மானம்:
நிலம் — கடும்பச்சை, போத்தல் பச்சை.
இடுப்பு வரை — அதே.
கறுப்புக் கரை — ஒரு விரல் தடிப்பு. (மாமி)
பொன் — தலைக்கு மேல் ஒரு சாண் வரை.
மேலே — வெள்ளை.
யன்னல் — மேற்கே. பின்னேர வெயில் பொன்னில் விழ வேண்டும். கடல் அந்தப் பக்கம்தானே.

ஜூலை 3, திங்கள்

பசையைக் கரப்பான் தின்றுவிட்டது. பாதி நிலத்தில். பரவாயில்லை, மனதில் ஒட்டிக்கொண்டது.

ஜூலை 12, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை இவரைச் சந்தியில் விட்டு, குஞ்சுவைப் பக்கத்து வீட்டில் விட்டு, கோட்டையில் றெயில் ஏறி வெள்ளவத்தை. யன்னலைப் பார்க்கத்தான் போனேன். மேசன் பியசேன பாஸ் வடக்குச் சுவரில் ஒரு சின்னத் துவாரம் விட்டிருக்கிறார், கோழிக்கூட்டுக்கு விடுவது போல. மேற்கே மூடிக் கட்டியிருக்கிறது. பெரியத்தான் சொன்னபடியாம்.

பாஸோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மாட்டுக் கரத்தை. பெட்டி பெட்டியாக வெள்ளை டைல்! கொள்ளுப்பிட்டிக் கடையிலிருந்து. பின்னாலே தொப்பியும் குடையுமாகப் பெரியத்தான்.

கதவுக்குப் பின்னால் போகலாம் என்றால் கதவு இன்னும் போடவில்லை.

"பெரியத்தான், இது ஆர் சொல்லி வந்தது?"

அவர் முதலில் யார் கதைப்பது என்று சுற்றிப் பார்த்தார். என் குரலை முகத்தோடு சேர்த்து அவர் கேட்டது இதுதான் முதல்.

"நான்தான் பிள்ளை. வெள்ளைதான் சுத்தம். ஊத்தை இருந்தால் தெரியும்."

"ஊத்தை தெரியிறதுக்கோ குளிக்கிறது?"

பாஸ் சாந்தகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா அண்டைக்குச் சொன்னதைக் கேட்டனீர்தானே?"

"மாமியோட நான் கதைச்சிட்டன். பொன் இடுப்புக்கு மேலதான். கறுப்புக் கரை வைக்கச் சொன்னதே மாமிதான்."

இது அவருக்குத் தெரியாது. முகத்தில் தெரிந்தது. "தம்பி... தம்பியைக் கேட்டோ இதெல்லாம்?"

"கேட்டனான். ஜூன் அஞ்சாம் திகதி சரியெண்டவர்."

கரத்தைக்காரன் பொறுமையிழந்துவிட்டான். "எறக்கவா திருப்பவா? ஒண்ணச் சொல்லுங்க சாமி, மாடு நிக்குது."

நான் சொன்னேன்: "திருப்புங்கோ அண்ணை."

அவன் பெரியத்தானைப் பார்த்தான். பெரியத்தான் தொப்பியைக் கழற்றி உள்ளே துடைத்தார். மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கும்தான். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"பெரியத்தான், வீடு முழுக்க நீங்கள் சொன்னபடி. ஒரு சொல் சொன்னனானோ? வாசல் நல்ல வாசல், கூரை நல்ல கூரை. இந்த ஒரு அறையை எனக்கு விடுங்கோ. என்ர காணியில நான் கேக்கிறது இவ்வளவுதான்."

காகம் ஒன்று சாந்துத் தொட்டியில் வந்து இருந்து பறந்தது.

"திருப்பு" என்றார், கரத்தைக்காரனுக்கு. என்னைப் பார்க்காமல் காலி வீதிப் பக்கம் நடந்தார். குடையை மறந்துவிட்டார்.

மணல் குவியலில் இருந்துவிட்டேன். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பாஸ் கிட்ட வந்தார். ஏதாவது புத்தி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நோனா, ஜனேலய கொஹெத?"

யன்னல் எங்கே என்று கேட்கிறார்! என்னிடம்!

எழும்பிப் போய் மேற்குச் சுவரில் கரித்துண்டால் நானே கீறினேன்.

பின்னேரம் இவர் வந்து சப்பாத்தைக் கழற்றினார். தேத்தண்ணி குடித்தார். பிறகு: "அண்ணை ஒபிஸுக்கு வந்தவர். நீர் கரத்தையைத் திருப்பி விட்டனீராம்."

"ஓம்."

"இவ்வளவு தூரம், வெள்ளவத்தை மட்டும் வந்த மாடு."

"ஓம்."

"அதுக்குத் தண்ணியாவது குடுத்தனீரோ?"

பார்த்தேன். மீசைக்குள்ளே சிரிக்கிறார். அப்போதுதான் அழுகை வந்தது.

ஜூலை 15, சனி

பெரியத்தானுடைய குடையை இவர் கொண்டுபோய்க் கொடுத்தார். என்னைப் பற்றி ஏதும் சொன்னாரோ என்று கேட்டேன். "குடைக்கு ஒரு கம்பி வளைஞ்சு போச்சாம்." அவ்வளவுதானாம். பெரியத்தான் வேலைத்தலத்துக்கு வருகிறார், கூரை, தூண், வாசல் எல்லாம் பார்க்கிறார். குளியலறைப் பக்கம் திரும்புவதில்லை.

ஜூலை 29, சனி

என் டைல் ஊர்வலமாக வந்தது!

நானா இன்றைக்குத்தான் கரத்தை பிடித்து அனுப்பினார். இன்றைக்கு ஆடிவேல் திருவிழா என்று அவருக்கும் நினைவில்லை, எங்களுக்கும் நினைவில்லை. தேர் செட்டியார் தெருவால் வெளிக்கிட்டு வெள்ளவத்தை நோக்கி வருகிறது, முன்னே மேளம், பின்னே சனம், சனத்துக்குப் பின்னே எங்கள் கரத்தை. ஒதுங்கவும் வழியில்லை, முந்தவும் வழியில்லை. வெள்ளி வேலுக்குப் பின்னால் பொன் டைல், காலி வீதி நீளத்துக்கு. கரத்தைக்காரனுக்கு வழியெல்லாம் சர்க்கரைத் தண்ணியும் கரும்பும் கிடைத்ததாம், சந்தோஷமாக வந்து இறங்கினான்.

கேள்விப்பட்டு மாமி கைகூப்பினா. "முருகன் கூட்டிக்கொண்டு வந்தது. இனி ஆரும் ஒண்டும் சொல்லேலாது."

ஒரு பெட்டி முழுக்க உடைவு. மேளச் சத்தத்தில் மாடு மிரண்டதாம்.

ஓகஸ்ட் 4, வெள்ளி

உடைவு போகக் கணக்குப் பார்த்தால் பொன் காணாது. பாஸ் வெள்ளை போட்டு நிரப்பலாம் என்கிறார். வெள்ளை என்ற சொல்லையே நான் கேட்கத் தயாரில்லை.

அறைக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். கதவு உள்ளே திறக்கிறது. திறந்தால் ஒரு துண்டுச் சுவர் மறையும். மூடினால்? குளிக்கிறவளுக்கு முதுகுப் பக்கம். அந்தத் துண்டுக்கு மேலும் கீழும் பச்சை. தீர்ந்தது. பாஸ் தலையை ஆட்டினார், "ஹரி நோனா." சரியாம்.

இன்னொன்று. எல்லா டைலும் ஒரே பொன் இல்லை. சில இளசு, சில முற்றல். பெட்டிப்படி ஒட்டினால் சுவர் திட்டுத் திட்டாக வந்துவிடும். எல்லாவற்றையும் பரப்பி, இளசு, நடு, முற்றல் என்று மூன்று குவியல். யன்னலுக்குக் கிட்ட முற்றல், தூரம் போகப் போக இளசு, இடையில் கலந்து. மூலைக்கும் வெளிச்சம் போய்ச் சேர்ந்த மாதிரி ஒரு மாயம்.

முதுகு விட்டுப்போயிற்று. குஞ்சு என் முதுகில் ஏறி மிதித்தாள். வைத்தியம்.

ஓகஸ்ட் 9, புதன்

இடைவெளிக்கு வெள்ளைச் சீமெந்து வைத்துப் பார்த்தால் பல் இளிப்பது போல. கரி கலந்தால் வலை போல. காவித்தூள் ஒரு கரண்டி கலந்தோம். கோடு மறைந்துவிட்டது. பாஸ் இரண்டடி பின்னால் போய் நின்று, "லஸ்ஸனய்" என்றார். வடிவு என்று. அவர் வேலையை அவரே மெச்சுகிறார், நானும் மெச்சினேன்.

ஓகஸ்ட் 16, புதன்

அலங்காரம்.

பித்தளை வாளியும் பித்தளைச் செம்பும் கொண்டுபோய் வைத்தேன். அம்மா வீட்டுச் சீதனம், புளி போட்டு மினுக்கினது. சரிவரவில்லை. பொன்னும் பித்தளையும் ஒன்றையொன்று தின்னுகிறது. எடுத்துவிட்டு வெள்ளை எனாமல் வாளி, வெள்ளை எனாமல் கோப்பை. உடனே சுவர் எழும்பி நின்றது.

கண்ணாடி: யன்னலுக்கு எதிரே வேண்டாம், கண்ணைக் குத்தும். பக்கத்துச் சுவரில்.
துவாய்: பச்சைக் கரை போட்டது. பூப்போட்டது வேண்டவே வேண்டாம்.
இருக்கப் பலகை: முதிரை மரம்.
சவர்க்காரத் தட்டு: சிப்பி. குஞ்சு கடற்கரையில் பொறுக்கினது.
செம்பருத்திச் சாடி ஒன்று வைத்தேன், எடுத்தேன், வைத்தேன், எடுத்துவிட்டேன். ஒன்றும் இல்லாத இடமும் வேண்டும்.

நாளை ஆவணி பிறக்கிறது.

ஓகஸ்ட் 24, வியாழன்

குடிபூரல். பால் நன்றாகப் பொங்கி வழிந்தது, கிழக்குப் பக்கம். மாமி வலது காலை வைத்து உள்ளே வந்து, சுவாமி அறையில் கும்பிட்டு, நேரே கேட்டா: "எங்க அது?"

உள்ளே போனா. பச்சையை எட்டிப் பார்த்தா, நிலத்தைக் காலால் தடவிப் பார்த்தா, கறுப்புக் கரையை விரலால் ஓட்டிப் பார்த்தா. பிறகு கதவைச் சாத்திப் பூட்டிவிட்டா! தண்ணி விழுகிற சத்தம். தேவாரம். ஐயர் தட்சிணைக்கு நிற்கிறார், மாமி குளிக்கிறா. ஈரத் தலையோடு வெளியே வந்து, "நல்லாக் கிடக்கு பிள்ளை" என்றா, எல்லாருக்கும் கேட்க.

பிறகு எங்கே சனம் சுவாமி அறையைப் பார்த்தது? வந்தவர்கள் எல்லாம் அந்தக் கதவடியில். கேட்டவை:
"ஐயோ, மினுங்குது!"
"இது இங்கிலாந்தோ?"
"கை வைச்சுப் பாக்கலாமோ?"
ஒபிஸ் பெரிய கிளாக்கரும் வந்தார். அவருடைய மனைவி இரண்டு தரம் கை கழுவப் போனா. இரண்டாம் தரம் அவரையும் கூட்டிக்கொண்டு.

மொஹிதீன் நானா ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு வந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தங்கச்சி, நான் இதப் பேப்பருக்குப் பாரமா வெச்சிருந்தேனே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பெரியத்தான் பிந்தித்தான் வந்தார். ஜூலைக்குப் பிறகு என்னோடு ஒரு சொல் இல்லை. சாப்பிட்டார். ஆரும் பார்க்காத நேரம் என்று நினைத்து எழும்பி உள்ளே போனார். நான் குசினி வாசலால் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் வரவில்லை. இவர்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்து, நேரே என்னிடம் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை.

"யன்னல் நல்ல இடத்தில வைச்சிருக்கிறீர் பிள்ளை."

அவ்வளவுதான். டைலைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருபது வருஷம் கட்டடம் கட்டின மனிதர், மூடச்சொன்ன யன்னலை நல்லது என்றார்.

"பாயசம் இன்னும் கொஞ்சம் விடட்டோ பெரியத்தான்?" என்றேன்.

"விடும்" என்றார்.

ஓகஸ்ட் 26, சனி

சாமான் இன்னும் பாதி சாக்கில். உப்புப் போத்தலைக் காணவில்லை. குஞ்சு வீட்டுக்குள் ஓடி ஓடி ஒவ்வொரு அறைக்கும் பெயர் வைக்கிறாள். குளியலறைக்குப் பலாப்பழ அறை என்று பெயர்.

சனமெல்லாம் போய் இன்று காலைதான் எனக்கு முறை வந்தது. கதவைச் சாத்திக் கொண்டி போட்டேன். சீலையைக் கழற்றி ஆணியில் போட்டேன். குறுக்குக்கட்டுக் கட்டக் கை தானாகப் போயிற்று. நிறுத்தினேன். ஏன்? யார் இருக்கிறார்கள்? கண்ணாடியில் ஒருத்தி நின்றாள், சுற்றிவரப் பொன். ஒட்டியாணமும் அட்டியலும் காப்பும் இல்லாமல் ஒரு பெண் இவ்வளவு பொன்னில் நின்றிருப்பாளோ? முதல் வாளியை மெல்ல ஊற்றினேன். முதுகைத் தேய்த்தேன், ஒரு அவசரமும் இல்லாமல். தெரிந்த பாட்டெல்லாம் பாடினேன், தெரியாததும் பாடினேன்.

வெளியே வந்தால் இவர் துவாயோடு நிற்கிறார். "ஒபிஸ் இல்லாத நாள் எண்டபடியால் தப்பினன்" என்றார்.

பின்னேரம் மழை மூட்டம் கலைந்துவிட்டது. கடல் பக்கம் வெளுத்திருக்கிறது. உப்புப் போத்தல் தேட வேண்டும், சோறு வடிக்க வேண்டும், சீலை மடிக்க வேண்டும். வெயில் இப்போது மேற்கு யன்னலுக்கு இறங்கியிருக்கும். எழுதினது போதும், இன்னொரு தரம் குளிக்கப் போகிறேன்.